சாக்கடைத் தண்ணியைச் சுத்தம் பண்ணி நம்ம கண்மாய்ல விட்டா நல்லதா கெட்டதா?

தேவகோட்டையில இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார், கேள்வி பெருசு, சுருக்கிச் சொல்றேன். கோடை வந்தாலே அரசாங்கம் தண்ணியைச் சிக்கனமா புழங்குங்கன்னு சொல்லுதே அதனால ஏதாச்சும் பிரயோஜனம் இருக்கா, கழிவுநீரைச் சுத்திகரிச்சுத் திரும்பப் புழங்கணும்ங்கிறது இப்ப கொள்கையாவே ஆயிருச்சே நாளைக்கு அதைக் குடிக்கச் சொல்லிருவாங்களா, காரைக்குடி பக்கம் அந்தத் தண்ணியைக் கண்மாய்லயோ ஊருணியிலயோ விட்டா என்ன ஆகும். குடிநீர் கழிவுநீர் ரெண்டு பக்கமும் ரொம்ப வருஷம் வேலை பாத்தவன்ங்கிறதால கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கங்க.

குடிக்கிற பயத்தை முதல்ல முடிச்சிருவோம். சாக்கடைத் தண்ணியைச் சுத்தம் பண்ணி நேரா வீட்டுக் குழாய்ல விடுற திட்டம் தமிழ்நாட்டுல எங்கயும் கிடையாது. உலகத்துலயே அப்படிப் பண்ற ஊருங்களை விரல் விட்டு எண்ணிரலாம். நமீபியாவுல விண்ட்ஹோக்னு ஒரு ஊர், அங்க 1968லருந்து பண்றாங்க, ஏன்னா அவங்களுக்கு வேற வழி கிடையாது, சுத்தி பாலைவனம். சிங்கப்பூர் 2003ல நியூவாட்டர்னு கொண்டு வந்துச்சு, அதைப் பாத்துட்டு சிங்கப்பூர்க்காரங்க சாக்கடைத் தண்ணியைத்தான் குடிக்கிறாங்கன்னு நம்மாளுங்க சொல்லிட்டுத் திரியறாங்க, உண்மையில அதுல பெரும்பங்கு சிப் தயாரிக்கிற ஃபேக்டரிக்கும் ஏசி கூலிங்குக்கும் போகுது, கொஞ்சமாத்தான் மழை கம்மியான நாள்ல நீர்த்தேக்கத்துல கலந்து, அங்கருந்து மறுபடி சுத்திகரிச்சு குடிநீரா வருது. கலிஃபோர்னியா அம்புட்டு பணக்கார ஊரு, அடுக்கடுக்கா வறட்சி பாத்த ஊரு, அங்கயே நேரடியா குடிநீர்ல சேக்குறதுக்கான விதிகளுக்கு 2023 டிசம்பர்லதான் ஒப்புதல் குடுத்தாங்க. அதனால காரைக்குடி வரைக்கும் அது வர்றதுக்கு நம்ம பேரன் காலம் ஆகும், விடுங்க.

டெக்னாலஜி முடியாததுனால இல்ல, அது முடியும். மைக்ரோ ஃபில்டர், அப்புறம் ஆர்ஓ, அப்புறம் அல்ட்ரா வயலட், இந்த மூணையும் ஒழுங்கா தாண்டி வர்ற தண்ணி நீங்க முப்பது ரூபா குடுத்து வாங்குற கேன் தண்ணியைவிட சுத்தமா இருக்கும். சிக்கலே அந்த "ஒழுங்கா"ங்கிற ஒரு சொல்லுலதான், ராத்திரி ரெண்டு மணிக்கு கரண்ட் போனாலும் ஆபரேட்டர் லீவு போட்டாலும் அது ஒழுங்கா ஓடணும்.

ஒரு எஸ்டிபிய, அதான் கழிவுநீரைச் சுத்தம் பண்ற பிளான்ட்டைப் பத்தி சொல்றேன், எங்கன்னு கேக்காதீங்க. பெரிய கட்டடம், கல்யாணம் காச்சி எல்லாம் நடக்குற இடம், சட்டப்படி கழிவுநீர் சுத்திகரிப்பு வச்சிருக்காங்க, பேப்பர்ல எல்லாம் சரியா இருக்கு. உள்ள போய் தொட்டியை எட்டிப் பாத்தா மேல கருப்பா ஆடை படிஞ்சு கிடக்கு, அழுகின முட்டை நாத்தம். ஆளுங்க கண்ணால பாத்தே கண்டுபிடிக்கிற விஷயம் இது, தொட்டி உயிரோட இருந்தா தண்ணி சாக்லேட் கலர்ல குமிழி விட்டுட்டு இருக்கும், வாசம்கூட மழை பெஞ்ச மண்ணு மாதிரிதான் வரும், ஏன்னா அழுக்கைத் தின்ற பாக்டீரியாவுக்குக் காத்து வேணும், காத்தை ஊதுறது ப்ளோயர், எஸ்டிபியோட கரண்ட் பில்லுல பெரும்பகுதியே அந்த ப்ளோயர்தான். அங்க ப்ளோயர் ஆஃப்ல கிடந்துச்சு. கேட்டா, "சார் பில்லு கட்டுப்படியாகலை, இன்ஸ்பெக்‌ஷன் வந்தா மட்டும் போடுவோம்"னு கூச்சமே இல்லாம சொன்னாரு அந்தப் பையன். அவர் மேல கோவப்பட்டு என்ன பண்றது. அந்தத் தண்ணிதான் பின்பக்கம் தென்னைக்குப் போயிட்டு இருந்துச்சு, அந்தத் தென்னைக்கு அடியிலதான் போர் போட்டிருந்தாங்க.

நம்ம நாட்டுக் கணக்கும் இதே கதைதான். மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 2021ல வெளியிட்ட கணக்குப்படி நகரங்கள்ல ஒரு நாளைக்கு உண்டாகுற கழிவுநீர் 72,368 எம்எல்டி, எம்எல்டின்னா ஒரு நாளைக்குப் பத்து லட்சம் லிட்டர், அப்ப கிட்டத்தட்ட 7,200 கோடி லிட்டர்னு வச்சுக்கங்க. கட்டி வச்சிருக்கிற பிளான்ட்டோட கொள்ளளவு 31,841 எம்எல்டி, ஆனா நிஜமா சுத்தம் ஆகுறது 20,236 தான். அதாவது கட்டுனதுலயே மூணுல ஒரு பங்கு சும்மா கிடக்கு. காசு போட்டு கட்டுறதுக்கு திட்டம் இருக்கு, ரிப்பன் வெட்ட ஆள் இருக்கு, ஓட்டுறதுக்குத்தான் நாதி இல்ல.

இதுல கொள்கைன்னு பாத்தா 2022ல மத்திய அரசு, சுத்திகரிச்ச நீரைப் பாதுகாப்பா மறுபயன்பாடு பண்றதுக்கு ஒரு தேசிய வழிகாட்டி கொண்டு வந்தாங்க, மாநிலங்கள் அதை வச்சு அவங்கவங்க கொள்கையை எழுதிக்கணும். அடிப்படை நியாயம் ரொம்ப சாதாரணமானது, எந்த வேலைக்கு எந்தத் தரமோ அந்தத் தரம். பாய்லருக்கும் கூலிங் டவருக்கும் ரோட்டு ஓர செடிக்கும் குடிநீர் எதுக்கு? அதை அங்க வெட்டுனா அந்தக் குடிநீர் வீட்டுக்கு மிஞ்சும்.

சென்னை இதுல நல்ல உதாரணம், ஏன்னா அங்க பஞ்சம்தான் வாத்தியார். மணலியில இருக்கிற ரிஃபைனரி 1990கள்லயே மெட்ரோ வாட்டர்கிட்ட கழிவுநீரை விலைக்கு வாங்கி சுத்தம் பண்ணிப் புழங்க ஆரம்பிச்சிட்டாங்க, பரிசுத்த எண்ணத்துல இல்ல, குடிநீர் தர முடியாதுன்னு சொன்னதால. அப்புறம் 2019. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு, ஜூலையில ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் கொண்டு வந்தாங்களே, அதே வருஷம்தான் கொடுங்கையூர்லயும் கோயம்பேட்டுலயும் ஆளுக்கு 45 எம்எல்டி டெர்ஷியரி ஆர்ஓ பிளான்ட், அதாவது மூணாம் நிலை வரைக்கும் சுத்தம் பண்றது, ஓட ஆரம்பிச்சுச்சு. கோயம்பேட்டுத் தண்ணி ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கம்பெனிகளுக்குப் போகுது. ரயிலை எல்லா டிவியும் காட்டுச்சு, இந்த பிளான்ட்டை யாரும் காட்டல. ஆனா கணக்கைப் பாருங்க, 45 எம்எல்டின்னா அந்த மாதிரி பதினெட்டு ரயில் தினமும் வர்றதுக்குச் சமம், அதுவும் ஒரே பிளான்ட்டுல. நான் அரசாங்கத்தைப் பாராட்டுறது அபூர்வம், இதைப் பாராட்டுவேன்.

இதோட மறுபக்கம் ஆஸ்திரேலியாவுல பாக்கலாம். டூவூம்பான்னு ஒரு ஊரு, ஜனத்தொகை கிட்டத்தட்ட நம்ம காரைக்குடி அளவு, ஒரு லட்சம் சுமார். அணை வத்திப் போச்சு, கழிவுநீரைச் சுத்திகரிச்சு அணையில கலந்து குடிநீராக்கலாமான்னு 2006 ஜூலையில ஓட்டெடுப்பு வச்சாங்க. 62 சதவீதம் பேர் வேணாம்னுட்டாங்க. பக்கத்துல பிரிஸ்பேன்ல அரசாங்கம் ஓட்டெடுப்பே வேணாம்னு சொல்லிட்டு, சுமார் 250 கோடி ஆஸ்திரேலிய டாலர் போட்டு பெரிய மறுசுழற்சிக் குழாய்த் திட்டத்தைக் கட்டுச்சு. கட்டி முடிக்கவும் மழை பெய்யவும் சரியா இருந்துச்சு, உடனே, அணை 40 சதவீதத்துக்குக் கீழ போனாத்தான் குடிநீர்ல சேப்போம்னு 2008ல மாத்திட்டாங்க, அப்புறம் அந்த பிளான்ட்டுகளையே பூட்டியும் வச்சாங்க. இதுல வேடிக்கை, அந்த டூவூம்பாவுக்கு 2010ல பிரிஸ்பேன் பக்கத்து விவன்ஹோ அணையிலருந்தே குழாய் போட்டாங்க, மறுசுழற்சித் தண்ணியைக் கலக்குறதா இருந்ததும் அதே அணையிலதான். என்னைக்காவது அணை வத்துனா வேணாம்னு ஓட்டு போட்டவங்க வீட்டுக்கும் அதே தண்ணி போகும்.

எனக்கு இந்த விஷயத்துல இருக்கிற ஒரே மனக்குறை இதுதான். பஞ்சத்துல பயந்துட்டு திட்டம் போடுறது, மழை வந்ததும் மறந்துர்றது. கழிவுநீர் பிளான்ட் நல்லா ஓட நாலஞ்சு வருஷம் பழகணும், ஜனங்களுக்கு அது மேல நம்பிக்கை வர அதுக்கும் மேல ஆகும். மே மாசம் குடத்தோட ரோட்டை மறிக்கிற ஜனங்ககிட்ட போய் சாக்கடைத் தண்ணியைப் பத்தி ஆரம்பிச்சா செருப்பு பறக்கும். கண்மாய் ரொம்பி வழியிற வருஷம்தான் இதைப் பேச நல்ல வருஷம், ஆனா அப்ப பேச ஒருத்தனுக்கும் தோணாது.

சரி, சிக்கனம். இது வேலைக்கு ஆகுமான்னா, ஆகும், ஆனா எங்கன்னு பாக்கணும். அதே பிரிஸ்பேன்ல 2007ல ஆளுக்கு ஒரு நாளைக்கு 140 லிட்டர்னு இலக்கு வச்சாங்க, அதுக்கு முன்னாடி 300 பக்கம் செலவழிச்சவங்க. நாலு நிமிஷத்துல குளிச்சு முடின்னு மணல் கடிகாரம் மாதிரி ஒண்ணைக்கூட வீட்டுக்கு வீடு குடுத்தாங்க, ஜனங்க 140க்கும் கீழ கொண்டு வந்துட்டாங்க. கேப் டவுன்ல 2018 பிப்ரவரியில ஆளுக்கு 50 லிட்டர்னு வரையறை, ஊரோட மொத்தச் செலவு மூணு வருஷத்துல பாதிக்கும் கீழ எறங்குச்சு. பெங்களூருல 2024 மார்ச்சுல குடிநீர்ல கார் கழுவுனா, தோட்டத்துக்கு விட்டா, கட்டட வேலைக்கு எடுத்தா 5,000 ரூபா அபராதம்னாங்க.

இப்ப நம்மூருக்கு வாங்க. நகரத்துல பாதாள சாக்கடை இருந்தா ஆளுக்கு 135 லிட்டர்ங்கிறது மத்திய அரசு நிர்ணயம், கிராமத்துக்கு ஜல் ஜீவன் கணக்குல 55. பிரிஸ்பேன்காரன் பட்டினி கிடந்து எறங்கி வந்த அளவுதான் நமக்கு விருந்துக்கு வச்சிருக்கிற அளவு, அதுவும் முழுசா எத்தனை தெருவுக்கு வருதுன்னு உங்களுக்கே தெரியும். ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு மணி நேரம் குழாய்ல பிடிச்சு, குடத்துலயும் அண்டாவுலயும் ரொப்பி வச்சு, அரிசி கழுவுன தண்ணியை மாட்டுக்கும் பாத்திரம் கழுவுனதை வாழைக்கும் ஊத்துற அக்காகிட்ட போய் சிக்கனமா இருங்கன்னு நோட்டீஸ் குடுக்கிறது அநியாயம். அவங்க ஏற்கனவே சிக்கனம்தான், அவங்களை வச்சுத்தான் பாடமே எழுதணும்.

சிக்கனம் பண்ண வேண்டிய ஆளு யாருன்னா, முதல்ல குழாய். பல இந்திய நகரங்கள்ல விடுற தண்ணியில 30லருந்து 40 சதவீதம் கசிவுலயும் கணக்குல வராத இணைப்புலயும் போயிருது. அடுத்து லாட்ஜ், மண்டபம், ஆஸ்பத்திரி, இப்ப நம்ம பக்கம் பங்களாவை எல்லாம் ஹெரிடேஜ் ஹோட்டலா மாத்தி நீச்சல் குளம் வெட்டி புல்தரை போட்டிருக்காங்களே அதுங்க. பார்டர் புல்லுக்கு போர் தண்ணி ஊத்துற இடத்துல எல்லாம் அவங்க எஸ்டிபி தண்ணியே தாராளமா போதும். மூணாவதா, சொன்னா கோவிச்சுக்காதீங்க, நம்ம வீட்டு ஆர்ஓ மிஷின். ஒரு லிட்டர் நல்ல தண்ணிக்கு ரெண்டு மூணு லிட்டரை வெளிய தள்ளிரும். டிடிஎஸ், அதாவது தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்போட அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழ இருக்கிற இடத்துல ஆர்ஓவே வேணாம்னு 2019ல பசுமைத் தீர்ப்பாயம் சொன்னுச்சு. நல்ல ஊத்துத் தண்ணி வர்ற ஊர்லயும் மாமனார் வீட்டுச் சீருல ஆர்ஓ வருது, என்னத்தைச் சொல்ல.

இனி கண்மாய் விஷயம், இதுதான் முக்கியம்.

நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு எந்த வேலைக்கு எந்தத் தண்ணிங்கிற கொள்கை புதுசே கிடையாது. குடிக்கிற ஊருணி தனி, அதுல காலை நனைச்சா ஊரே சண்டைக்கு வரும். குளிக்க, துணி துவைக்க வேற, ஆடு மாடு எறங்குறதுக்கு வேற. வீட்டுக்குள்ள பாத்தீங்கன்னா வளவுல நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணியும் முற்றத்துல வந்து விழும், தகரத் தூம்புக்கு அடியில பித்தளை அண்டாவை வச்சு முதல் மழையை விட்டுட்டு ரெண்டாவது மழையிலருந்து பிடிப்பாங்க, ஓடு கழுவிட்டு வந்ததை யாரும் பிடிக்க மாட்டாங்க. மிச்சம் முற்றத்து மடை வழியா தெருக் காலுக்கு, அதான் தெரு வாய்க்காலுக்குப் போயி, அங்கருந்து ஊருணிக்குப் போகும். சிவகங்கை மாவட்டத்துல வருஷத்துக்கு சுமாரா 900 மில்லிமீட்டர் மழை, 500 சதுர மீட்டர் கூரை உள்ள ஒரு வீட்டுக்கு வீணானதெல்லாம் போக மூணரை லட்சம் லிட்டர் கிட்ட வரும். 2003ல தமிழ்நாட்டுல எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு சட்டம் வந்தப்ப ஆத்தங்குடி, கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய வீடுகளுக்குப் புதுசா செய்ய ஒண்ணும் இல்லாம இருந்துச்சு, புதுசா கட்டுனவங்கதான் ப்ளான் அப்ரூவலுக்காக ஒரு பிவிசி பைப்பை மண்ணுக்குள்ள சொருகி விட்டாங்க. அந்தக் குழியில மணல், ஜல்லி மாத்தி எத்தனை வருஷம் ஆச்சுன்னு யாரையாவது கேட்டுப் பாருங்க.

அந்தத் தெருக் கால்தான் இப்ப செத்துப் போச்சு. ஊருணி வாய்கிட்ட போய் நின்னு பாருங்க, கல்லு கட்டுன வரத்துக்கால் இருக்கும், தண்ணி உள்ள எறங்குறதுக்கு முன்னாடி வண்டல் தங்குறதுக்கு ஒரு சின்னக் குழி இருக்கும். குழி முழுக்க கேரி பேக்கு, மேல ரோடு முழங்கால் உசரம். போட்ட ரோட்டு மேலயே ரோட்டைப் போட்டு போட்டு ஏத்துனது. சுரண்டிட்டுத்தான் மேல போடணும்னு 2021ல தலைமைச் செயலாளரே சுற்றறிக்கை விட்டாரு. மழைத்தண்ணி ஊருணிக்கு ஏற முடியல, வீட்டு பாத்ரூம் தண்ணிதான் ஓட்டையைத் தேடி ஏறிப் போகுது. ஆகாயத்தாமரை ஏன் இம்புட்டு வளருதுன்னா அதுக்குச் சோறு போடுறது சாக்கடையில இருக்கிற நைட்ரஜனும் பாஸ்பரஸும்தான்.

அதனால கேள்வியை இப்படித் திருப்பிக் கேக்கணும். சாக்கடை இப்பவே கண்மாய்ல விழுந்துட்டுத்தான் இருக்கு, சுத்தம் பண்ணாம. ஒரு லட்சம் பேர் ஆளுக்கு 100 லிட்டர் புழங்குனா ஒரு கோடி லிட்டர், அதுல 80 சதவீதம் கழிவா வரும்னு எஞ்சினியர்கள் கணக்கு, 80 லட்சம் லிட்டர், பத்தாயிரம் லிட்டர் லாரியில 800 லாரி. தினமும். மழை பெஞ்சாலும் பெய்யலைன்னாலும் வர்ற ஒரே வரத்து இதுதான். வைகையும் காவிரியும் கைவிட்டாலும் இது வரும்.

இதைச் சுத்தம் பண்ணி விடலாமான்னா, கர்நாடகாவுல கோலாரைப் பாருங்க. பெங்களூர் கழிவுநீரை இரண்டாம் நிலை வரைக்கும் சுத்திகரிச்சு 2018லருந்து கோலார் ஏரிகளுக்குத் தள்ளுறாங்க, திட்டம் 440 எம்எல்டி. செத்துப்போன போர்ல தண்ணி ஏறுச்சு, விவசாயம் திரும்பி வந்துச்சு, அது உண்மை. அதே 2018 ஜூலையில லட்சுமிசாகர் ஏரியில நுரை பொங்குச்சு, கோர்ட்டு வரைக்கும் போச்சு, இன்னும் ஒரு படி சேத்து மூணாம் நிலை சுத்திகரிப்பு வேணும்னு இன்னிக்கும் கேட்டுட்டு இருக்காங்க, அதுவும் உண்மை. ரெண்டாம் நிலையில அழுக்கும் நாத்தமும் போகும், உப்பு போகாது, ஃபேக்டரித் தண்ணி கலந்திருந்தா உலோகமும் முழுசா போகாது.

நம்ம மண்ணுல கூடுதலா ஒரு சங்கதி இருக்கு. காரைக்குடி சுத்துவட்டாரம் செம்மண்ணும் செம்புறாங்கல்லும், தண்ணியைச் சடசடன்னு உள்ள இழுக்கும். அதனாலதான் காரைக்குடிக்குக் குடிநீர் தர்ற சம்பை ஊத்து அப்படி இனிக்குது. அதே காரணத்தால மேல எதை விட்டாலும் அதுவும் கீழ சடசடன்னு போயிரும். களிமண் பூமியில பத்து வருஷத்துல தெரியிற தப்பு இங்க சீக்கிரமே குடத்துல தெரியும். அதனால ஊத்துக்கு மேல்பக்கத்துல, மழைத்தண்ணி எறங்குற நீர்ப்பிடிப்புல, சுத்திகரிச்ச தண்ணியை விடவே கூடாதுங்கிறது என் கருத்து, எம்புட்டு சுத்தம்னு சொன்னாலும் சரி. ஊருணியிலயும் கூடாது. ஊருக்குக் கீழ்ப்பக்கம், ஆளு குடிக்காத, பாசனத்துக்கு மட்டும் இருக்கிற கண்மாய்ல, தென்னைக்கும் தீவனப்புல்லுக்கும் விடலாம். பச்சையா கடிச்சுத் தின்ற வெள்ளரி, கீரைக்கு வேணாம்.

கண்மாயைவிட எனக்குப் பிடிச்சது விலைக்கு விக்கிறது. வாங்குறவன் இருந்தாத்தான் பிளான்ட் ஓடும், தண்ணி நாறுனா அவன் காசு தரமாட்டான், அந்த பயத்துல ப்ளோயர் ஓடும். பெங்களூர்ல கட்டட வேலைக்கு இதைத்தான் எடுக்கச் சொல்றாங்க, நம்மூர்லயும் ரோடு போட, மண்ணு நனைக்க, லாரியில நிரப்பிக் குடுக்கலாம். ஆத்தங்குடி கல்லு, அதான் பூப்போட்ட தரை ஓடு, போடுற ஒருத்தர் எங்களுக்கும் ஆகுமான்னு கேட்டாரு, தொட்டியில ஊறப்போட நிறைய தண்ணி வேணுமே அவங்களுக்கு. நான் வேணாம்னுட்டேன். உப்பு உள்ள தண்ணியில ஊறுனா காயும்போது பூ மேல வெள்ளையா பூத்துரும், அவங்க பொழைப்பே அந்தக் கலர்லதான் இருக்கு.

தம்பி கடைசியா, நாம என்ன பண்ண முடியும்னு கேட்டிருந்தீங்க. உங்க ஊர்ல பிளான்ட் ஓடுதுன்னா வெளியேறுற தண்ணியோட மாசாந்திர டெஸ்ட் ரிப்போர்ட்டை வார்டு கூட்டத்துல கேளுங்க, குடுக்கலைன்னா ஆர்டிஐ போடுங்க. அதுல பிஓடின்னு ஒரு வரி இருக்கும், தண்ணியில இருக்கிற அழுக்கைத் தின்ன பாக்டீரியாவுக்கு எம்புட்டு ஆக்சிஜன் வேணும்ங்கிற அளவு அது, கூடுனா அழுக்கும் கூடுதல். பச்சைச் சாக்கடைல அது 200, 250 இருக்கும், வெளிய வரும்போது பெருநகரம் இல்லாத ஊருக்கு 2017 விதிப்படி லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும், பசுமைத் தீர்ப்பாயம் 2019ல 10னு இறுக்கிச் சொன்னுச்சு. அதுக்குக் கீழ ஃபீகல் கோலிஃபார்ம் வரி, மலத்துலருந்து வர்ற கிருமியோட எண்ணிக்கை அது, அப்புறம் டிடிஎஸ். எல்லா மாசமும் ஒரே நம்பர் அச்சடிச்ச மாதிரி இருந்துச்சுன்னா டெஸ்ட்டே எடுக்கலைன்னு அர்த்தம், ஏன்னா சாக்கடை மாசத்துக்கு மாசம் மாறும், தீபாவளி மாசம் எண்ணெய் ஏறும், மழை மாசம் நீர்த்துப் போகும். ரிப்போர்ட்டோட பிளான்ட் கரண்ட் பில்லையும் சேத்துக் கேளுங்க, ப்ளோயர் ஓடுச்சா இல்லையான்னு அது சொல்லிரும்.